ஹோல்டு அக்கா

அக்கா வரைந்த பறவைகளில் முழுப் பறவை ஒன்றுகூடக் கிடையாது. மீன்கொத்தி ஒன்று இருந்தது. அலகும் இறகும் மயிரிழை பிசகாமல் இருக்கும். கால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாள். அந்தரத்தில் உட்கார்ந்திருக்கும். நீலக்கோழி ஒன்றுக்குக் கண்ணே இல்லை, அந்த இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளை. படப்பையில் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து எடுத்திருந்த அறையில், முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் இவற்றை ஒட்டி வைத்திருந்தாள். காலையில் தலை வாரும்போது அந்தக் குருட்டுக் கோழி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கும். முதல் வாரம் எனக்குக் கொஞ்சம் திகிலாகத்தான் இருந்தது.

"கண்ணு இன்னாக்கா ஆச்சு?"

"பாக்கல."

"எல்லா புக்லயும் போட்டிருக்கே, செவப்புன்னு."

"புக்கு போட்டவன் பாத்திருப்பான். நான் பாக்கலியே."

அவ்வளவுதான் பதில். இதற்கு மேல் கேட்டால் காதில் விழாத மாதிரி தூரிகையைக் கழுவப் போய்விடுவாள். யாருக்கும் எதையும் சொல்லித் தருகிற ஆள் இல்லை அவள். நான் அதற்கு நேர் எதிர். மரத்தில் இலை அசைந்தாலே பெயர் சொல்லிவிடுவேன். போனில் பறவைப் பட்டியல் ஒன்று வைத்திருந்தேன். கம்பெனி பஸ் ஜன்னலிலிருந்தே வாரத்துக்கு நாலு புதுப் பெயர் ஏறும். அக்கா அந்தப் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே வரை தள்ளிப் பார்த்துவிட்டு, "இதுல எத்தினி பாத்த, எத்தினி நெனச்ச?" என்று கேட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஓரகடத்தில் பிரேக் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் எங்கள் இருவருக்கும் வேலை. அவள் ஐந்து வருடமாக ஆய்வு மேசையில். நான் டிப்ளமோ முடித்து வந்த டிரெய்னி. லைனிலிருந்து வருகிற ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அட்டை கட்ட வேண்டும். நல்லதுக்குப் பச்சை. கழித்ததுக்குச் சிவப்பு. இன்னும் முடிவாகவில்லை என்றால் மஞ்சள், அதற்கு ஹோல்டு என்று பெயர். மற்றவர்கள் எப்போதாவது மஞ்சள் கட்டுவார்கள். அக்கா அனேகமாக ஒவ்வொரு ஷிப்டிலும் கட்டுவாள்.

சூப்பர்வைசர் ஓடி வருவார். "ஏம்மா, ஓகேவா ரிஜெக்டா? ரெண்டுல ஒண்ணு சொல்லு. லாரி நிக்குது."

"தெர்ல சார்."

"தெர்லன்னா?"

"தெர்லன்னா தெர்ல சார். கேஜ் ரூம்ல குடுத்து அளந்து பாத்துட்டு சொல்றேன்."

அவர் கத்துகிற கத்தலில் பக்கத்து லைனில் ஆட்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு மஞ்சள் அட்டையின் கயிற்றை இரண்டு முடிச்சாகப் போடுவாள். விரல்கள் நடுங்கும். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பயம் தெரியாத ஆள் என்று அவளைப் பற்றி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயந்துகொண்டேதான் முடிச்சுப் போடுவாள். 'ஹோல்டு அக்கா' என்று யார் பெயர் வைத்தார்களோ, கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர் வரைக்கும் அதுதான் பெயர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையும் வரைந்தாள். எங்கள் மூன்றாவது ஆள் சுகன்யா விடாமல் கெஞ்சியதால் அது நடந்தது. சுகன்யாவுக்கு மூக்குத்தி பளபளத்ததில் மூக்கு தெரியவில்லை என்று மூக்கை விட்டுவிட்டாள். எனக்குக் கண்ணும் வாயும் இல்லை. இரண்டு காதும், நெற்றித் தழும்பும், கலைந்த முடியும் அப்படியே நான். நடுவில் வெள்ளை.

"ரெண்டு நிமிஷம் வாய மூடிக்கினு இருந்தாத்தான வரைய முடியும்," என்றாள் சுகன்யா, என்னைக் காட்டி. "லவுட் ஸ்பீக்கர யாரு வரைவா?"

மூவரும் சிரித்தோம். அக்கா அந்தத் தாளைக் கோப்பில் செருகி வைத்தாள். ஹோல்டு.

உயிரோடு இருக்கிறதை அளக்க முடியாது, ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் அவள் செத்ததைத் தேடிப் போவாள். சென்னையில் ஓர் அருங்காட்சியகத்தின் பின்கட்டில், பொதுமக்கள் போகாத அறையில், மர அலமாரிகள் நிறைய பஞ்சு அடைத்த பறவைத் தோல்கள் இருக்கின்றன. கடிதம் எழுதி அனுமதி வாங்கி, அந்த ஏப்ரலில் என்னையும் கூட்டிப் போனாள். இழுப்பறையைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் முகத்தில் அடித்தது. உள்ளே வரிசையாக, மல்லாக்க, சிறகு மூடி, பறவைகள். கண் இருந்த குழியில் பஞ்சு. ஒவ்வொன்றின் காலிலும் நூல் கட்டி ஒரு சீட்டு: எந்த ஊர், எந்தத் தேதி, ஆணா பெண்ணா.

"தடவாதீங்க, பூச்சி வராம இருக்க வெஷப் பொடி போட்டிருக்கு," என்று அங்கே வேலை பார்க்கிற அம்மா கையுறை கொடுத்தார்.

அக்கா நுணுக்கமாக அளக்கிற தன் வெர்னியரை வெளியே எடுத்தாள். சொந்தமாக வாங்கியது. கம்பெனி வெர்னியரைக் கேட் தாண்டிக் கொண்டுவர அவளால் முடியாது. எல்லோரும் ரப்பர், பேனா என்று பையில் போட்டுக்கொண்டு வருவோம், அவள் ஒரு குண்டூசி எடுத்ததில்லை. அலகு நீளம், மடக்கிய சிறகின் நீளம், கால் எலும்பு. ஒரே அளவை மூன்று தடவை எடுத்தாள். நான் எழுதிக்கொண்டேன். கழுத்தை மட்டும் விட்டுவிட்டாள்.

"ஏங்க்கா?"

"பஞ்சு அடைச்ச ஆளு தாராளமா அடைச்சிட்டான். இது கழுத்தே இல்ல."

நாங்கள் தேடி வந்தது உப்புக்கொத்தி என்ற சின்னக் கரைப்பறவை. ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். முதுகு காய்ந்த மண் நிறம், மார்பில் கறுப்புப் பட்டை. சீட்டில் கண் நிறம், கால் நிறம் என்று இரண்டு இடம் அச்சடித்து, இரண்டும் காலியாக இருந்தன. அக்கா அந்தச் சீட்டை வெகுநேரம் பார்த்தாள். "யாரோ நம்ம ஆளு," என்றாள். அவள் வாயில் அன்று வந்த ஒரே வேடிக்கை. நான் சும்மா இருப்பேனா, அந்த இழுப்பறைத் தட்டை முழுசாகப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

இத்தனையும் எதற்கு என்று சொல்ல வேண்டும்.

வல்லக்கோட்டைக்குப் போகிற வழியில் ஓர் ஏரி. பெயர் வேண்டாம். கோடையில் வற்றிக் காய்ந்துவிடும். அந்த வருடம் ஏதோ ஒரு கிடங்குக்கு மனை நிரப்ப ஏரி மண் எடுக்க ஏற்பாடாகியிருந்தது. அடுத்த திங்கட்கிழமை கிழக்கு மூலையில் பொக்லைன் இறங்கும் என்றார்கள். அந்த மூலையில், வெறும் தரையில், மூன்று இடத்தில் உப்புக்கொத்திகள் முட்டை வைத்திருந்தன. கூடு என்று எதுவும் கிடையாது. மண்ணில் கை அகலப் பள்ளம், அதில் மண் நிறத்திலேயே முட்டை. அக்கா பிறந்த வீடு அந்த ஏரிக்கரையில்தான். அவள் பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் வாரம் முழுக்க வேறு எதையும் பார்க்கவில்லை.

ஏரிக்குப் பொறுப்பான பொறியாளரை எப்படியோ பிடித்தோம். நான்தான் பேசினேன், மூச்சு விடாமல். போட்டோ காட்டினேன், மண்ணைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. "ஒரு தாள்ல தெளிவா வரைஞ்சு கொண்டாங்க, இன்ன பறவை, இங்க பாத்தோம், இங்க முட்டை கீதுன்னு. சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பஞ்சாயத்து ஆபீஸ்ல காண்ட்ராக்டரும் வராரு. சரியா இருந்தா முதல்ல மேற்குப் பக்கம் தோண்டச் சொல்றேன். குஞ்சு பொரிச்சதும் இங்க வரட்டும்."

வெள்ளிக்கிழமை இரவு, அக்கா நைட் ஷிப்டுக்குக் கிளம்புமுன், தாள் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. பறவை, முட்டை எல்லாம் நிஜ அளவில். கீழே அவள் கையெழுத்தில், 'ஏரியில் பார்த்தது.' கண்ணைச் சுற்றியும் காலிலும் மட்டும் வெள்ளை. முட்டையைக் கண்டு அடி எண்ணிவைத்த முதல் நாளுக்கப்புறம், தாய் எழுந்துவிடக் கூடாதென்று அவள் கரையிலிருந்தே பைனாகுலரில் பார்ப்பாள். காலையில் சூரியன் எதிரே, அப்புறம் கானல்.

"மஞ்சளா ஒரு வளையம் இருந்தா மாதிரி இருந்துச்சு," என்றாள், பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டே. "மாதிரிய வரையக் கூடாது. காலைல ஷிப்ட் முடிச்சு நேரா ஏரிக்குப் போறேன். கிட்ட பாத்துட்டு போட்டுக்கலாம். நீ பத்திரமா வச்சிரு, அது போதும்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவளிடமிருந்து போன். அவளை மாற்ற வேண்டிய ஆள் வரவில்லை, பத்து மணி வரை இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஏரிக்குப் போக நேரம் இருக்காது. நேராகப் பஞ்சாயத்து ஆபீஸுக்கு வருகிறேன், தாளைக் கொண்டு வா என்றாள்.

தாளை விரித்து வைத்துப் பார்த்தேன். குருட்டுப் பறவை. கால் வெறும் பென்சில் கோடு. இதைக் காண்ட்ராக்டர் முன்னால் விரித்தால் சிரித்துவிடுவாரே என்று பறவைப் புத்தகத்தைப் புரட்டினேன். புத்தகத்தில் மஞ்சள் என்று இருக்கிறது. ஆனால் புத்தகத்தை நம்பாதவள் அக்கா. அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது: நிஜப் பறவையே என் போனில் இருக்கிறதே! அருங்காட்சியகத் தட்டின் போட்டோவைப் பெரிதாக்கி, அந்தக் காலின் கரும்பழுப்பை அவளுடைய சாயத்திலேயே கலந்தேன். கண்ணைக் கறுப்பாக, பளிச்சென்று ஒரு புள்ளி வைத்து முடித்தேன். நன்றாகவே வந்தது. முழுப் பறவை! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினோரு மணிக்கு அக்கா யூனிபார்மோடு பஞ்சாயத்து ஆபீஸுக்கு வந்து சேர்ந்தபோது தாளை மேசையில் விரித்துவிட்டிருந்தேன். அவள் பார்த்தாள். முகத்தில் எதுவும் அசையவில்லை. கை மட்டும் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டது.

காண்ட்ராக்டர் தன் பக்கத்துக்கு ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். பறவை ஆய்வு செய்கிறவராம், மெலிந்த ஆள், கழுத்தில் கயிற்றோடு கண்ணாடி. அவர் தாளின் மேல் குனிந்தார். அலகைப் பார்த்து "ம்" என்றார். சிறகைப் பார்த்து "ம்" என்றார். காலுக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"இத யாரு வரைஞ்சது?"

"நான்," என்றாள் அக்கா.

"ஏரியில பாத்ததுன்னு எழுதியிருக்கீங்க. இது செத்த கால்ம்மா. உயிரோட இருக்கிற உப்புக்கொத்திக்கு இந்த நிறம் வராது, செத்துக் காஞ்சப்புறம்தான் இப்படிக் கறுக்கும். கண்ணச் சுத்தி வளையம் எங்க? மியூசியத்துல பஞ்சு வச்ச கண்ணுக்குத்தான் வளையம் இருக்காது." குரலை உயர்த்தவேயில்லை அவர். "நீங்க ஏரியில பாக்கல. அலமாரியில பாத்திருக்கீங்க."

காண்ட்ராக்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அலமாரி குருவிக்காடா என் வண்டிய நிறுத்தச் சொன்னீங்க?"

பொறியாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அக்காவைப் பார்த்தார். நான் சொல்லியிருக்க வேண்டும். நான்தான் சார் பூசினேன், அவங்க வெள்ளையா விட்டிருந்தாங்க. இரண்டு வாக்கியம். நாள் முழுக்க ஓடுகிற என் வாய் ஒட்டிக்கொண்டது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

அவள் பென்சில் டப்பாவைத் திறந்து பாதி பிளேடை எடுத்தாள். தாளை அழுத்திப் பிடித்து, காலைச் சுரண்டத் தொடங்கினாள். க்ரீச், க்ரீச் என்று அந்தச் சத்தம்.

"இன்னாம்மா பண்றே?"

"பாக்காதத எடுத்துர்றேன் சார்."

கால் போயிற்று. அப்புறம் கண். பழுப்புப் பொடியை ஊதிவிட்டாள். அட்டை கட்டும்போது குனிகிற அதே மாதிரி தலை குனிந்திருந்தாள்.

"அப்ப கால் இன்னா கலரு?" என்றார் பொறியாளர்.

"தெரியாது சார்."

"தெரியாதுன்னு அவங்களே ஒத்துக்கினாங்க. முடிஞ்சுதே!" என்று காண்ட்ராக்டர் எழுந்தார்.

"காலு கலரும் கண்ணும்தான் தெரியாது. அலகு தெரியும், ரெக்க தெரியும், முட்ட தெரியும், எங்க கீதுன்னு தெரியும். வாங்க சார், காட்றேன். ஜீப்பு வேணாம், கரையிலேர்ந்து நடந்து." கதவு வரை போய்த் திரும்பி நின்றாள். "ஒண்ணு சார். இந்த வெயில்ல தாய்தான் முட்டைக்கு நெழலு. நாம போனா அது எழுந்துக்கும். நாலு நிமிஷம். அதுக்கு மேல நின்னா நீங்க தோண்டவே தேவயில்ல, முட்ட அவிஞ்சிரும்."

ஏரிக்குள் இறங்கும்போது மணி பன்னிரண்டை நெருங்கிவிட்டது. காய்ந்த மண் செருப்பையும் மீறிச் சுட்டது. கொடியோ குச்சியோ அங்கே நட்டிருக்கவில்லை. நட்டால் காக்காயும் நாயும் அதைப் பார்த்து வரும் என்று அவள் நடவில்லை. கணக்கு அவள் தலைக்குள் இருந்தது. மதகுக் கல்லிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு காலடி, அங்கிருந்து இடப்பக்கம் பதினேழு. "என் காலு வச்ச எடத்துலயே வைங்க," என்றாள். அவளுக்குப் பின்னால் பொறியாளர், நான், ஆய்வாளர், காண்ட்ராக்டர். ஓர் அடி தப்பினால் போதும், முட்டை நசுங்கிவிடும்.

இடப்பக்கம் பதினாறாவது அடியில் முன்னால் ஏதோ மண்ணிலிருந்து பிய்ந்து ஓடியது. உப்புக்கொத்தி. ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு, வால் விரித்து, சாய்ந்து சாய்ந்து எங்களுக்கு நேர் எதிரே பத்தடியில்.

"ஐயையோ, அடிபட்டுப்போச்சு," என்றார் பொறியாளர், காலைத் தூக்கிக்கொண்டே.

"கால கீழ வைக்காதீங்க!" அக்கா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "சார். அப்படியே. பின்னால வைங்க."

அவர் ஒற்றைக் காலில் தடுமாறி என் தோளைப் பிடித்தார். அவர் பூட்ஸ் இறங்கவிருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, நாலு கூழாங்கல். கூழாங்கல் இல்லை. நான் குனிந்து பார்த்தும் கண் சிமிட்டினால் தொலைந்தன.

"நடிக்குது சார்," என்றார் ஆய்வாளர் மெதுவாக. காண்ட்ராக்டர் அவரை முறைத்தார். ஆய்வாளர் பார்வையைப் பறவையிலிருந்து எடுக்கவில்லை. "முட்ட பக்கத்துல ஆள் வந்தா, நம்மள வேற பக்கம் இழுக்க இப்படித்தான் நடிக்கும். இங்க வச்சு அடைகாக்கிறதுதான். சந்தேகமில்ல."

என் போனில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை நிமிஷம். இரண்டு. காண்ட்ராக்டர் வீடியோ எடுக்கத் தொடங்கினார். பொறியாளர் இன்னும் முட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். அக்கா முட்டைப் பக்கம் பார்க்கவேயில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, பறவையின் காலையும் கண்ணையும் மட்டும், இமைக்காமல், யாரும் அங்கே இல்லாத மாதிரி. அது அவளுக்கு முன்னால் நின்றது. கண்ணைச் சுற்றி மஞ்சள் மோதிரம். வெயிலில் அது எரிந்தது.

"மூணே முக்கால்," என்றேன்.

"போலாம்," என்று எழுந்தாள் அக்கா. காண்ட்ராக்டர் "இரும்மா, ஒரு செகண்டு" என்றார். அக்கா அவர் போனுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். அவர் திரும்பும் வரை நின்றாள். நாங்கள் கரையேறி மூச்சு வாங்கியபோது பறவை மறுபடி அந்தப் பள்ளத்தின் மேல், வயிற்று இறகைப் பரப்பி, வெயிலுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தது.

பொறியாளர் அந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். குஞ்சு பொரிக்கும் வரை கிழக்கு மூலையில் மண் எடுக்கக் கூடாது.

"இப்பத்தான் பாத்துட்டியே. கால போட்டுக் குடும்மா."

"சுரண்டின பேப்பர் சார், சாயம் ஊறிரும்."

கால் இல்லாத, கண் இல்லாத பறவைதான் ஆபீஸ் கோப்பில் போனது.

மூன்று பள்ளத்தில் இரண்டில் குஞ்சுகள் பொரிந்து ஓடின. மூன்றாவதை ஒரு நாய் தின்றுவிட்டது. இரண்டு செய்தியையும் அக்கா ஒரே குரலில்தான் சொன்னாள். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினேன். முன்னைவிட அதிகமாகப் பேசினேன். அவள் தன் சாயப் பெட்டியைப் பரணில் ஏற்றி வைத்தாள், என் கை எட்டாத இடத்தில்.

ஐப்பசியில் ஓசூர்ப் பக்கம் வேறு கம்பெனியில் வேலை கிடைத்துக் கிளம்பினாள். சுவரிலிருந்து பறவைகளை ஒவ்வொன்றாக உரித்துச் சுருட்டினாள். கடைசியாகத் தன் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் கொடுத்தாள். நான். காது, தழும்பு, முடி. கண்ணை எப்போது வரைந்தாளோ, அது என் கண்தான், கொஞ்சம் பயந்த கண். அதற்குக் கீழே வெள்ளை.

"இன்னாக்கா, வாய மட்டும் இன்னும் வுட்டு வச்சிருக்க?" சிரித்துக்கொண்டே கேட்டேன். உதட்டை இறுக்கி மூடிக் காட்டினேன். "இதோ பாரு, மூடிக்கினுதான கீறேன். இப்ப வரை."

"அன்னிக்கும் மூடிக்கினுதான் இருந்த," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அளவு சொல்கிற குரல். பையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு இறங்கிப் போய்விட்டாள்.

வெகுநேரம் கழித்துத்தான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் மூலையில் சின்னதாக ஓர் அட்டை, கயிறும் இரண்டு முடிச்சும் உட்பட. கம்பெனியிலிருந்து எடுத்து வந்ததில்லை, அதையெல்லாம் அவள் செய்ய மாட்டாள். தானே வரைந்து நிறம் தீட்டியிருந்தாள். சிவப்பு இல்லை. மஞ்சள்.